வாஸ்து நாளும் கூடு கட்டும் மாதமும்

(கட்டுமானப் பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் கூடியிருந்த அவையில், கோயம்புத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் கட்டடத் தொழிலில் இருப்பவர்கள். ஆகவே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பஞ்சாங்கத்தின்படி வாஸ்து புருஷன் ஆண்டில் எட்டு நாள்தான் கண் விழிக்கிறார். விழித்திருப்பதும் ஒவ்வொரு முறையும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கு மாதங்களில் அவர் எழுந்திருப்பதே இல்லை. கோடிக் கணக்கில் கடன் வாங்கி மனை வாங்கியவரிடம், "மார்கழி பிறந்துவிட்டது, தை வரட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். மறுபேச்சு இருக்காது. அந்த ஒரு மாதத்துக்கு வங்கி வட்டியைத் தள்ளுபடி செய்வதில்லை. இருந்தும் காத்திருக்கிறோம்.

அந்தக் காத்திருப்பை நம்மில் யாரும் தாமதம் என்று சொல்வதில்லை. காரணம், அது முன்பே தெரியும். மனை வாங்கும்போதே தெரியும். தெரிந்துவிட்ட காத்திருப்பு திட்டத்தில் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. தெரியாமல் வந்து வழியை மறிப்பதைத்தான் தாமதம் என்கிறோம். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான்: காட்டுயிர்களால் வேலை தாமதமாகிறது என்று நாம் குறைப்படும் இடங்களில் பெரும்பாலானவை, நாம் மாதம் கேட்காமல் வேலை தொடங்கிய இடங்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். இளம் பொறியாளனாக இருந்த காலம். ஒரு குளத்தை ஒட்டி வேலை. ஊர்ப் பெயரும் முதலாளி பெயரும் வேண்டாம், தவறு என்னுடையது. மனையின் மேற்கு மூலையில் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதில் மடையானும் நீர்க்காகமும் கூடு வைத்திருந்தன. தை மாதம். சைட் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த பார் சார்ட்டில் அந்த வாரத்துக்கு 'மரம் அகற்றுதல், மண் தோண்டுதல்' என்று கோடு போட்டிருந்தேன். இரவுக் காவலுக்கு இருந்த பெரியவர் வந்து நின்றார். "சார், மாசி முடியட்டுங்க. குஞ்சுகளுக்கு எறகு மொளச்சிரும், தானாப் பறந்துரும்" என்றார். நான் சுவரில் இருந்த பார் சார்ட்டைக் காட்டினேன். அது அவருக்குப் புரியவில்லை. அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை.

மரம் விழுந்தது. குஞ்சுகள் புழுதியில் கிடந்து துடித்தன. ஊர் கூடிவிட்டது. மறுநாள் ஆட்கள் வேலைக்கு வரவில்லை. பேசிச் சமாதானமாகி மீண்டும் கடப்பாரை இறங்க ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. அதாவது, அந்தப் பெரியவர் கேட்ட மாசியும் கழிந்துவிட்டது, குஞ்சுகளும் இல்லை. அவரை மனை வாங்கிய அன்றே கேட்டிருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னால், மரம் கூடுகள் இல்லாமல் நின்றபோதே வேலையை முடித்திருப்பேன். அல்லது வரைபடத்தைப் பத்தடி நகர்த்தி மரத்தையே விட்டிருப்பேன்.

அன்று எனக்குச் சட்டம் தெரியாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. துப்பாக்கியால் சுடுவதும் கண்ணி வைப்பதும் மட்டும் வேட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். 2022 செப்டம்பரில், நமக்குப் பக்கத்திலிருக்கும் மலப்புறம் மாவட்டத்தில், தேசிய நெடுஞ்சாலை 66ஐ அகலப்படுத்தும் வேலையில் ஒரு மரத்தைச் சாய்த்தார்கள். மரம் நிறையக் கூடுகள். குஞ்சுகள் சாலையில் சிதறி விழுந்த காட்சி நாடு முழுதும் பரவியது. அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. சாலை தேவையில்லை என்று அங்கே யாரும் வாதாடவில்லை. கூட்டில் குஞ்சு இருந்த வாரத்தில் ஏன் வெட்டினீர்கள் என்பதே எல்லோருடைய கேள்வியும்.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். அதைப் பேசாமல் போனால் இந்த உரை வெறும் உபதேசமாகிவிடும். கட்டடம் நின்றால் வட்டி நிற்பதில்லை. சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை. ஊரிலிருந்து வந்த ஆட்கள் நான்கு நாள் சும்மா இருந்தால் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். ரெரா என்று நாம் சொல்லும், 2016இல் வந்த மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை எந்தத் தேதியில் ஒப்படைப்போம் என்று எழுதிக் கொடுக்கிறோம். தேதி தவறினால் வாங்கியவருக்கு வட்டி கட்ட வேண்டும். போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், இன்னபிற இயற்கைப் பேரிடர் என்று அந்தச் சட்டம் விலக்குப் பட்டியல் ஒன்று தருகிறது. அதில் கொக்குக் கூடு இல்லை. ஆகவே, "பறவைக்காக இரண்டு மாதம் நிறுத்துங்கள்" என்று பாதி வேலையில் ஒருவர் வந்து சொன்னால் உங்களுக்குக் கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபம் சரிதான். ஆனால் அது பாய வேண்டியது பறவையின் மீது அல்ல. அனுமதி வழங்கும் முறையின் மீது அது பாய வேண்டும்.

நம் அனுமதி முறை நாட்களை எண்ணுவதில் கெட்டி. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. நிபுணர் குழு 60 நாளில் பரிசீலித்து முடிக்க வேண்டும், ஆணையம் அடுத்த 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சிறு வீடுகளுக்கு அந்தக் காத்திருப்பும் கிடையாது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர் சுயசான்று கொடுத்து உடனடியாக அனுமதி பெறலாம் என்று 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நடுத்தரக் குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. நான் அதை வரவேற்கிறேன்.

ஆனால் இத்தனை நாட்களை எண்ணும் காகிதங்களில் ஒன்றிலாவது மாதம் கேட்கும் ஒரு கட்டம் இருக்கிறதா? 'இந்த மனையில் எந்த மாதத்தில் எந்த உயிர் இருக்கும்' என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. மலையடிவாரக் கிராமமாக இருந்தால் மலையிடப் பாதுகாப்புக் குழுமம், நாம் ஹாகா என்று சொல்கிறோமே, அது குறுக்கே வரும். மற்ற இடங்களில் லேஅவுட் வரைபடம், சாலை அகலம், வடிகால், பூங்காவுக்கு விட்ட இடம், இத்தோடு முடிந்தது.

பெரிய திட்டங்களுக்கு ஆய்வறிக்கை கேட்கிறார்களே என்பீர்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வழக்கமாக, மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு போதும் என்பார்கள். மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாதம் எடுத்துக் கொடுத்துவிடலாம். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். குளம் நிறைவது அப்போது. தவளை கத்துவது அப்போது. வேடந்தாங்கலுக்குப் பறவை வந்து சேர்வதும் அந்த மழையை ஒட்டித்தான். மார்ச் வாக்கில் குஞ்சுகளோடு கிளம்பிவிடும். மே மாதத்தில் காய்ந்து கிடக்கும் ஏரியைப் பார்த்துவிட்டு 'இங்கே குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை' என்று எழுதுவது, கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு 'இந்த ஊரில் பிள்ளைகளே இல்லை' என்று எழுதுவது போல. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் போய்ப் பார்த்த மாதம்தான் தப்பு.

மாதம் கேட்கும் நாடு ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் உள்ளூர் மன்றங்கள்தான் கட்டட அனுமதி தருகின்றன. சிறு திட்டத்துக்கு 8 வாரம், பெரிய திட்டத்துக்கு 13 வாரம் என்று அவர்களுக்கும் கெடு இருக்கிறது. அதோடு ஒரு காலண்டரும் இருக்கிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கூடு கட்டும் காலம். புதர் வெட்டுவதையும் மரம் வெட்டுவதையும் முடிந்தவரை அதற்கு வெளியே வைத்துக்கொள்கிறார்கள். பழைய கூரையைப் பிரிக்க வேண்டுமென்றால் வௌவால் இருக்கிறதா என்று கோடை மாதங்களில், அந்தி வேளையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தவளைக்கு உறவான, பல்லி போல வால் வைத்த நியூட் என்ற சிற்றுயிர் குளத்தில் இருக்கிறதா என்று நீரை எடுத்து மரபணுச் சோதனை செய்வதற்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிவு வரைதான் நேரம். ஜூலையில் நினைவு வந்தால் அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் அங்கே விவரம் தெரிந்த கட்டுநர், நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே உயிரியலாளரையும் அழைத்து வந்துவிடுகிறார்.

அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. லண்டனிலிருந்து பர்மிங்காமுக்குப் போடும் அதிவேக ரயில் பாதையில், ஷீப்ஹவுஸ் வுட் என்ற காட்டோரத்தில், அரிய வௌவால்கள் ரயிலில் அடிபடாமலிருக்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூடாரம் போல ஒரு கட்டுமானம். அதற்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவாகும் என்று பாதை போடும் நிறுவனத்தின் தலைவரே 2024 நவம்பரில் சொன்னபோது நாடே கொதித்தது. வௌவாலைக் காட்டி விதிகளையே தளர்த்த வேண்டும் என்ற குரல் அதற்குப் பிறகு உரத்தது. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. பாதை எங்கே போகும் என்று முடிவான பிறகு வௌவாலைப் பற்றி யோசித்தால், யோசனைக்கான விலை கான்கிரீட்டிலும் இரும்பிலும்தான் வரும். கோடு போடும் முன் யோசித்தால் விலை ஒரு பென்சிலும் ரப்பரும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மலைக்கு அந்தப் பக்கம் வாருங்கள். நீலகிரிக்கு வடக்கே சீகூர் பீடபூமி. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் குறுகலான வழி அது. அந்த வழியில் விடுதிகள் முளைத்தன. 2010இல் அரசு அதை யானை வழித்தடமாக அறிவிக்கை செய்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2018இல் விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் வழித்தடம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. பத்தாண்டு! சொந்தப் பணத்தைப் போட்டவர்கள் பத்தாண்டு நீதிமன்றப் படி ஏறினார்கள். அந்த இடத்தில் முதல் செங்கல்லுக்கு முன்பே ஒருவர் 'இங்கே முடியாது' என்று சொல்லியிருந்தால், அது அவர்களுக்குச் செய்த உபகாரமாக இருந்திருக்கும். எந்த அட்டவணையை மாற்றினாலும் சரிப்படாத இடங்கள் சில உண்டு. யானை வழி அப்படிப்பட்டது. பள்ளிக்கரணை போல, 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறிய சதுப்பு நிலமும் அப்படிப்பட்டது. அங்கே மாதம் பார்த்துக் கட்டுகிறேன் என்பதும் ஏமாற்று. அங்கே நமக்கு வேண்டியது தெளிவான 'முடியாது'. அதுவும் பத்திரப் பதிவுக்கு முன்னால்.

மற்ற இடங்களில் வழி உண்டு. நம் மதுக்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. இன்று அந்தப் பாதையில் யானைகள் கடக்கச் சுரங்க வழிகள் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில், 12 கோபுரங்களில் வெப்பத்தை உணரும் கேமராக்கள் வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினால் முன்கூட்டியே எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். செலவு 7.24 கோடி ரூபாய். ரயில் ஓடுகிறது, யானையும் நடக்கிறது. மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44இல் இதே பாடம் இன்னும் பெரிய அளவில் நடந்தது. வழக்குகளில் சிக்கி நின்ற சாலை அது. கடைசியில் 16 கிலோமீட்டர் நீளத்தில் ஒன்பது இடங்களில், விலங்குகள் அடியில் போகும்படி சாலையையே தூக்கிக் கட்டினார்கள். புலியே அதில் நடந்துபோவதைக் கேமரா பதிவு செய்திருக்கிறது. அந்தத் தூண்கள் முதல் வரைபடத்திலேயே இருந்திருந்தால், வழக்கில் போன ஆண்டுகள் மிச்சம்.

இடத்தைப் பங்கிட முடியாத இடத்தில் நேரத்தைப் பங்கிடலாம். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை சரக்கு வாகனங்கள் போகக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது லாரிக்காரர்களும் விவசாயிகளும் கொதித்தார்கள். அவர்கள் கஷ்டம் உண்மை. ஆனால் அந்தத் தீர்வின் உள்ளே இருக்கும் யோசனையைப் பாருங்கள்: பகல் மனிதனுக்கு, இரவு விலங்குக்கு. சாலையை மூடவில்லை. முறை வைத்துக்கொண்டார்கள், ஏரித் தண்ணீருக்கு மடை முறை வைப்பது போல.

இந்தப் பங்கீடு நமக்குப் புதிதில்லை. வேடந்தாங்கல் மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று எழுத்து வாங்கி வைத்தவர்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதை விட்டவர்கள் இருக்கிறார்கள். நம் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வரும் ஆமைக்கு மீனவர்கள் வைத்த பெயர் என்ன? பங்குனி ஆமை. பெயரிலேயே மாதம் இருக்கிறது! அந்த முட்டை பொரிய 45 முதல் 60 நாள். பொரிந்த குஞ்சு வெளிச்சம் தெரியும் திசையில் ஓடும். ஒரு காலத்தில் அந்த வெளிச்சம் கடல். இன்று அது கரையோர விடுதியின் ஃபோகஸ் விளக்கு. கடலோரத்தில் வேலை எடுப்பவர், ஆமை முட்டையிடத் தொடங்கியது முதல் கடைசிக் குஞ்சு கடல் சேரும் வரை இரவு வேலையை நிறுத்தி, விளக்கைத் தரை நோக்கித் திருப்பினால் போதும். பங்குனியில் வாஸ்து நாளும் கிடையாது; நமக்கு நஷ்டமும் கிடையாது.

ஆகவே நான் கேட்பது நான்கு.

முதலாவது, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மாத அட்டவணை. இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அது அலமாரியில் தூங்கக் கூடாது. எந்தக் குளத்தில் எந்த மாதம் கூடு, எந்தத் தோட்டத்துக்கு எந்த மாதம் யானை, குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை ஏறுகிறது என்பது போன்ற தகவல் எல்லாம் ஒரு பக்கத்தில் வர வேண்டும். கட்டட அனுமதி விண்ணப்பத்தோடு அந்தப் பக்கம் இணைய வேண்டும். நான் அலட்சியம் செய்த அந்தக் காவல்காரப் பெரியவர் சொன்னதுதான் அந்தப் பக்கம்.

இரண்டாவது, வேலையின் வரிசையை மாற்றுவது. ஒரு கட்டடம் முழுவதும் சத்தமும் தூசியும் இல்லை. மரம் அகற்றுவது, மண் தோண்டுவது, பைல் அடிப்பது ஆகியவைதான் உயிர்களைக் கலைக்கும் வேலைகள். அவற்றைக் கூடு இல்லாத மாதங்களில் முடித்துக்கொள்ளுங்கள். உள்பூச்சு, மின்கம்பி, குழாய், டைல்ஸ் எல்லாம் எந்த மாதமும் நடக்கலாம். மொத்த நாள் அதிகமாகாது, வரிசைதான் மாறும். மரம் வெட்டும் நாளுக்கு முன் கிளையை ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாவது, ஒப்படைக்கும் தேதி. ரெராவில் பதியும் தேதியைக் குறிக்கும்போதே, நிறுத்த வேண்டிய மாதங்களைக் கழித்துக் குறியுங்கள். வாங்குபவரிடமும் சொல்லுங்கள். மழைக்குக் கழிக்கிறோம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் ஊருக்குப் போவதற்குக் கழிக்கிறோம். இதற்கும் கழிப்போம்.

நான்காவது அதிகாரிகளுக்கு. காட்டுயிர் பற்றிய கேள்வியை முதல் மேசையிலேயே கேளுங்கள். கடைசி மேசையில் கேட்காதீர்கள். கேட்ட பிறகு பதிலுக்கும் கெடு வையுங்கள். வனத்துறைத் தடையின்மைச் சான்று என்ற பெயரில் கோப்பு மாதக் கணக்கில் கிடந்தால், அதனால் ஒரு குருவியும் பிழைக்கப் போவதில்லை. ஆம் என்றால் எந்த மாதம், இல்லை என்றால் என்ன காரணம் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

சிலர் கேட்கலாம்: "இரண்டு கொக்குக் கூட்டுக்காக இத்தனை பேச்சா?" ஒரு கணக்குச் சொல்லி முடிக்கிறேன். கொக்கு முட்டையிட்டது முதல் குஞ்சு சிறகடித்துப் பறக்கும் வரை ஏறக்குறைய இரண்டு மாதம். நாம் கட்டும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இரண்டு, மூன்று ஆண்டு. அந்த மூன்றாண்டில், ஒரு மரத்தடியில், இரண்டு மாதம். வாஸ்து புருஷனின் ஒன்றரை மணி நேரத்துக்காக மார்கழி முழுவதும் காத்திருக்கத் தெரிந்தவர்கள் நாம். நாளைக் காலை சைட்டுக்குப் போனதும் உங்கள் காவல்காரரிடம், "இந்த மரத்தில் எந்த மாதம் கூடு கட்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் மாதத்தைப் பார் சார்ட்டில் ஒரு வரியாகச் சேருங்கள்.